கிங்ஸ்டன் ஃபியூரி பீஸ்ட் டிடிஆர்4 3200 ரேம்: யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

டெஸ்க்டாப்புக்கு ரேம் கூட்டலாம் என்று தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படும் பெயர்களில் ஒன்று கிங்ஸ்டன் ஃபியூரி பீஸ்ட். ஹைப்பர்எக்ஸ் ஃபியூரி என்று முன்பு விற்ற வரிசையின் தொடர்ச்சி இது. 2021-ல் ஹைப்பர்எக்ஸ் பிராண்டு எச்பி நிறுவனத்தின் கைக்குப் போனபோது, ரேம், எஸ்எஸ்டி போன்றவற்றைக் கிங்ஸ்டன் விடாமல் வைத்துக்கொண்டு, ஃபியூரி என்று பெயர் சூட்டியது. இங்கே பார்க்கப்போவது 8 ஜிபி ஸ்டிக் இரண்டு சேர்ந்து வரும் 16 ஜிபி டிடிஆர்4 (ரேமின் நான்காம் தலைமுறை) 3200 செட்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பி (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவிடும் அமைப்பு) போட வசதியுள்ள மதர்போர்டு உங்களிடம் இருந்தால், இது தாராளமாக வாங்கக்கூடிய நல்ல ரேம். அந்த வசதி இல்லாத கம்ப்யூட்டரில், பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும் இது 2400-லேயே ஓடும். அதே கம்ப்யூட்டரில், வெப்பத்தகடு எதுவும் இல்லாத சாதாரண 3200 ரேம் இதைவிட வேகமாக ஓடும் வாய்ப்பு அதிகம். ரேம் வாங்குபவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

லேபிளில் என்ன எழுதியிருக்கிறது?

ஸ்டிக்கின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் கேஎஃப்432சி16பிபிகே2/16 என்று ஒரு மாடல் எண் இருக்கும். பார்த்தால் தலை சுற்றும். பிரித்துப் படித்தால் முக்கியமான விவரம் எல்லாம் அதிலேயே இருக்கிறது. கேஎஃப் என்பது கிங்ஸ்டன் ஃபியூரி. அடுத்த 4, டிடிஆர்4. 32 என்றால் 3200 வேகம். சி என்ற எழுத்து டெஸ்க்டாப்பில் போடும் நீளமான ஸ்டிக்கைக் குறிக்கிறது. லேப்டாப் ரேமாக இருந்தால் அந்த இடத்தில் எஸ் இருக்கும். இந்த ஒற்றை எழுத்தைக் கவனிக்காமல் ஆர்டர் போட்டுவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய. 16 என்பது ரேமின் தாமதத்தைக் காட்டும் சிஎல் எண். முதல் பி பீஸ்ட் வரிசையையும், இரண்டாவது பி கறுப்பு நிறத்தையும் காட்டுகின்றன. கே2 என்றால் இரண்டு ஸ்டிக் கொண்ட செட். கடைசியில் வரும் 16, இரண்டும் சேர்ந்த மொத்தக் கொள்ளளவு. ஒரு ஸ்டிக்கே 16 ஜிபி என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 3200 மெகாஹெர்ட்ஸ் என்று எல்லோரும் சொல்கிறோம். விற்பவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உண்மையில் அது ஒரு நொடிக்கு 320 கோடி முறை தரவு பரிமாறப்படுவதைக் குறிக்கும் எண். கடிகார வேகம் அதில் பாதி, அதாவது 1600 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு துடிப்பிலும் இருமுறை தரவு போவதால்தான் இரட்டிப்பு. சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து மெமரி பக்கத்தில் 1600 என்று பார்த்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சிஎல் 16 என்பது, கேட்ட தரவைத் தர ரேம் எத்தனை துடிப்பு எடுத்துக்கொள்கிறது என்ற கணக்கு. இதைத் தனியாகப் பார்ப்பதில் பயனில்லை. வேகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 3200 வேகத்தில் சிஎல் 16 என்றால் 10 நானோ நொடி. அதே 3200-ல் சிஎல் 22 என்றால் 13.75 நானோ நொடி. 2400-ல் சிஎல் 17 என்றால் ஏறக்குறைய 14.2 நானோ நொடி. ஃபியூரி பீஸ்டின் பலம் அந்த 10 நானோ நொடியில்தான் இருக்கிறது. எக்ஸ்எம்பி போடாவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது கடைசியில் சொன்ன 14.2.

2400-ல் ஏன் நிற்கிறது?

ஒவ்வொரு ரேம் ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்று ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. "நான் இன்ன வேகத்தில், இன்ன வோல்டேஜில் ஓடுவேன்" என்ற தகவல் அதில் பதிந்திருக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது மதர்போர்டு முதலில் அதைத்தான் படிக்கும். ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த பொது அளவுகள் ஒரு பகுதியாகவும், தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்துச் சேர்த்த கூடுதல் வேக அளவுகள் இன்னொரு பகுதியாகவும் அதில் இருக்கும். இந்த இரண்டாவது பகுதிக்குப் பெயர்தான் எக்ஸ்எம்பி. நீங்கள் பயாஸில் போய்ச் சொல்லாதவரை மதர்போர்டு முதல் பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

ஃபியூரி பீஸ்டின் இந்த மாடலில் ஜெடெக் பகுதியில் இருப்பது 2400, சிஎல் 17, 1.2 வோல்ட். 3200, சிஎல் 16, 1.35 வோல்ட் என்பது எக்ஸ்எம்பியின் முதல் புரொஃபைல். 3000, சிஎல் 15 என்று இரண்டாவது புரொஃபைல் ஒன்றும் உண்டு. முதலாவது தகராறு செய்யும் போர்டுகளில் இது கைகொடுக்கும்.

இப்போது கிங்ஸ்டனின் சாதாரண ரேமான வேல்யூரேம் 3200-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தகடு கிடையாது, பச்சை நிறப் பலகை அப்படியே தெரியும், சிஎல் 22. ஆனால் அதற்கு 3200 என்பதே ஜெடெக் அளவு. 1.2 வோல்டில், பயாஸைத் தொடாமலேயே 3200-க்குப் போய்விடும். புராசஸர் 2666 வரைதான் தாங்கும் என்றால் 2666-ல் வந்து நிற்கும். பெரிய நிறுவனங்கள் முழுதாக அடைத்து விற்கும் டெஸ்க்டாப்புகளில் பெரும்பாலும் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வரியே இருக்காது. அப்படிப்பட்ட பெட்டிக்கு ஃபியூரி பீஸ்ட் வாங்குவது வீண். சாதாரண 3200 ஸ்டிக்கே அங்கே சரியான தேர்வு.

தனித்தனியாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டரிலும் புராசஸரும் சிப்செட்டும் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) என்ன அனுமதிக்கின்றன என்று பார்த்தாக வேண்டும். இன்டெல் 6-ஆம் தலைமுறைக்கு அதிகாரபூர்வ வரம்பு 2133, 7-க்கு 2400. 8, 9-ஆம் தலைமுறை ஐ5-க்கு 2666. 10-ஆம் தலைமுறையில் ஐ5 2666, ஐ7 2933. 11-ஆம் தலைமுறையிலிருந்துதான் 3200 வருகிறது. இசட் வரிசை சிப்செட் இருந்தால் இந்த வரம்பைத் தாண்டலாம். எச்310, பி360, பி365, எச்410, பி460 போன்றவற்றில் தாண்டவே முடியாது. பி560-லிருந்து பி வரிசைக்கும் இன்டெல் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. ஏஎம்டி பக்கம் கெடுபிடி குறைவு: ரைசன் 3000, 5000 வரிசைகளில் பெரும்பாலானவை இரண்டு ஸ்டிக்கோடு 3200-ஐ அதிகாரபூர்வமாகவே ஏற்கின்றன, மலிவான பி450 போர்டிலும் எக்ஸ்எம்பி போடலாம். ரைசனில் புராசஸரின் உள்ளே தரவு ஓடும் பாதையின் வேகமே ரேமின் வேகத்தோடு பிணைந்திருப்பதால், 2400-க்கும் 3200-க்கும் இடையிலான வித்தியாசம் அங்கே நன்றாகத் தெரியும். ரைசன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செட்டைத் தயங்காமல் சொல்லலாம்.

முதலில் ரேம்தான் பிரச்சினையா என்று பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்; கம்ப்யூட்டரைப் போட்டவுடன் பார்க்கும் எண் எதற்கும் உதவாது. பயன்பாடு 85, 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா? அதன் கீழே கமிட்டட் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் உங்கள் மொத்த ரேமைவிட அதிகமாக இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், விண்டோஸ் இடம் போதாமல் டிஸ்க்கைத் தற்காலிக ரேமாகப் பயன்படுத்துகிறது என்று பொருள். ரேம் கூட்டினால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

8 ஜிபியில் 5 ஜிபிதான் ஓடுகிறது, ஆனாலும் கம்ப்யூட்டர் தவழ்கிறது என்றால், அதே பக்கத்தில் டிஸ்க்கைப் பாருங்கள். விண்டோஸ் இன்னும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்து, அது அடிக்கடி 100 சதவீதத்தில் நின்றால், செலவழிக்க வேண்டியது எஸ்எஸ்டியில். ரேம் அதற்கு மருந்தாகாது. ரேம் விமர்சனத்தில் இதைச் சொல்வது விற்பனைக்கு உதவாதுதான். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதே மெமரி பக்கத்தில் இன்னும் மூன்று விவரங்கள் கிடைக்கும். ஸ்பீட் என்ற இடத்தில் இப்போதைய ரேமின் வேகம். ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற இடத்தில் மொத்தம் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு. ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் டிம் என்றிருந்தால் டெஸ்க்டாப் ஸ்டிக். சோடிம் என்றிருந்தால் லேப்டாப் அளவு. ஆல்-இன்-ஒன், மினி பிசி போன்றவற்றில் பெரும்பாலும் சோடிம்தான் இருக்கும். பார்க்க டெஸ்க்டாப் மாதிரி இருக்கிறதே என்று ஃபியூரி பீஸ்ட் வாங்கிவிட்டால் அது உள்ளேயே போகாது.

டிடிஆர்4 தானா என்பதைச் சிபியூ-இசட்டின் மெமரி பக்கத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். டிடிஆர்3 ஸ்டிக்கில் 240 பின், டிடிஆர்4-லும் டிடிஆர்5-லும் 288 பின். பின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் நடுவிலுள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று பொருந்தாது. இன்டெல் 12 முதல் 14 வரையான தலைமுறைகளில் ஒரே சிப்செட் டிடிஆர்4 போர்டாகவும் டிடிஆர்5 போர்டாகவும் விற்கிறது. புராசஸர் பெயரை மட்டும் வைத்து முடிவெடுத்தால் சிக்கல்; மெயின்போர்டு பக்கத்தில் போர்டின் முழு மாடலையும் பாருங்கள். பலவற்றில் டி4 என்றோ டிடிஆர்4 என்றோ கடைசியில் ஒட்டியிருக்கும். ஏஎம்டியில் இந்தக் குழப்பம் இல்லை: ஏஎம்4 என்றால் டிடிஆர்4, ஏஎம்5 என்றால் டிடிஆர்5.

விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் என்ன போட்டாலும் அது பயன்படாது.

இரண்டு ஸ்டிக் செட் எதற்கு?

16 ஜிபி ஸ்டிக் ஒன்றே வாங்கினால் இன்னொரு ஸ்லாட் பிற்பாடு உதவுமே என்று நினைப்பது இயல்பு. ஆனால் இரண்டு ஸ்டிக் போட்டால் புராசஸர் இரண்டோடும் ஒரே நேரத்தில் பேசும்; இதுதான் டூயல் சேனல். கணக்கு எளிது. 3200 ஸ்டிக் ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி வரை தரும். 2400 ஸ்டிக் இரண்டு சேர்ந்தால் 38.4 ஜிபி. அதாவது, வேகமான ஒற்றை ஸ்டிக்கை மெதுவான ஜோடி முந்திவிடுகிறது. 3200 ஜோடி என்றால் 51.2 ஜிபி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் புராசஸரிலுள்ள கிராஃபிக்ஸையே நம்பியிருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். அந்த கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, உங்கள் ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும்.

அதனால் முன்னுரிமை வரிசை இது: முதலில் போதுமான கொள்ளளவு, அடுத்து இரண்டு சேனல், அதற்குப் பிறகுதான் வேகம், கடைசியில் சிஎல். பிரவுசர், ஆவணங்கள், வீடியோ பார்ப்பது என்ற அளவில் வேலை செய்பவருக்கு 2400-க்கும் 3200-க்கும் வித்தியாசமே தெரியாது. 8-லிருந்து 16 ஜிபி ஆனால் கண்டிப்பாகத் தெரியும். வீடியோ எடிட்டிங், பெரிய புகைப்படக் கோப்புகள், விர்ச்சுவல் மெஷின் என்று போகிறவர்கள் இதே வரிசையில் 16 ஜிபி ஸ்டிக் இரண்டு கொண்ட 32 ஜிபி செட்டுக்கே போய்விடலாம். இன்று 16, நாளை இன்னொரு 16 என்று நான்கு ஸ்டிக்காக நிரப்புவதைவிட அது நிம்மதி. நான்கு ஸ்டிக் போட்டால் புராசஸரின் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடும். ரைசன் 3000-ல் இரண்டு ஸ்டிக்குக்கு 3200 என்றிருக்கும் அதிகாரபூர்வ வரம்பு, நான்கு ஸ்டிக்குக்கு 2933-ஆகவும், இரட்டை ரேங்க் ஸ்டிக் (சிப்புகள் இரண்டு தொகுதியாக உள்ளது) என்றால் 2667-ஆகவும் இறங்கிவிடும்.

பழைய ஸ்டிக்கைக் கழற்றாமல் இதையும் சேர்த்துப் போடலாமா? போடலாம். ஆனால் எல்லாமே மெதுவான ஸ்டிக்கின் வேகத்துக்கு இறங்கும். எக்ஸ்எம்பி போட்டால் நிற்கும் என்று உறுதியில்லை. அந்தப் புரொஃபைல் இந்தச் செட்டை மட்டும் சோதித்து எழுதப்பட்டது. கூட உட்கார்ந்திருக்கும் வேறு நிறுவன ஸ்டிக்கைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. பழையது 4 ஜிபி என்றால் கழற்றி வைத்துவிடுவதே நல்லது.

மாட்டும் முறை

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பவர் சப்ளையின் பின்பக்க ஸ்விட்சை அணைத்து, வயரையும் உருவிவிடுங்கள். பிறகு முன்பக்கப் பவர் பட்டனை ஒரு பத்து நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். மதர்போர்டில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தால் மின்சாரம் இன்னும் போகவில்லை என்று பொருள். அந்த நிலையில் ரேமைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. கேஸின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கம்பளம் மேல் உட்கார்ந்து செய்ய வேண்டாம்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் எந்த இரண்டில் போடுவது என்பது முக்கியம். பெரும்பாலான போர்டுகளில் புராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்; போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும். அடுத்தடுத்த இரண்டு ஸ்லாட்டில் போட்டால் பல போர்டுகளில் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்கார்ந்துவிடும், ஜோடியாக வாங்கியதற்கே பயன் இருக்காது. போர்டின் மேனுவலில் ஒரு சின்னப் படம் இருக்கும். அதில் சொன்னதே இறுதி.

ஸ்லாட்டின் கொக்கிகளைத் திறங்கள். சில போர்டில் ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி அசையும். ஸ்டிக்கின் இரு ஓரங்களையும் பிடித்து, தங்க நிறப் பட்டைகளில் விரல் படாமல், வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து இறக்குங்கள். இரு முனைகளிலும் கட்டைவிரலால் நேர் கீழாக அழுத்த வேண்டும். எதிர்பார்ப்பதைவிடக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும்; போர்டு லேசாக வளைவது போலக்கூடத் தெரியும். 'டக்' என்ற சத்தத்தோடு கொக்கி தானாக மூடிக்கொண்டால்தான் உட்கார்ந்தது என்று அர்த்தம். கொக்கியைக் கையால் இழுத்து மூட வேண்டியிருந்தால் அது உட்காரவில்லை. பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்: தங்க நிறக் கோடு ஸ்லாட்டுக்கு மேல் இரு முனையிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் மறுபடி அழுத்துங்கள்.

இந்த ஸ்டிக்கின் உயரம் 34.1 மில்லிமீட்டர். வெப்பத்தகடு இல்லாத சாதாரண ஸ்டிக் 31.25. வித்தியாசம் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், பெரிய கூலர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இடிக்காது. இந்த வடிவமைப்பின் நல்ல அம்சம் இது. விளக்கு எரியும் ஆர்ஜிபி வகை இதைவிட உயரம். அதை வாங்குகிறவர்கள் கூலருக்கும் ஸ்லாட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளந்துவிட்டு வாங்க வேண்டும். வெப்பத்தகடு பற்றி ஒன்று: 1.35 வோல்டில் ஓடும் டிடிஆர்4-க்கு அது அவசியம் என்று சொல்ல முடியாது. அலுமினியத் தகடு கெட்டியாக ஒட்டியிருக்கிறது, கையாளும்போது சிப்புகளுக்குப் பாதுகாப்பு, பார்க்கவும் லட்சணம். வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆன் செய்த பிறகு

முதல் முறை ஆன் ஆகும்போது திரை சிறிது நேரம் கறுப்பாகவே இருக்கலாம், தானாக ஓரிரு முறை அணைந்து எரியலாம். புது ரேமை மதர்போர்டு பழகிக்கொள்ளும் நேரம் அது. பொறுமையிழந்து பட்டனை அழுத்தாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் ஆகியும் எதுவும் வரவில்லை என்றால், ஸ்டிக் சரியாக உட்காரவில்லை என்பதே முதல் சந்தேகம். போர்டில் டிராம் என்று எழுதிய குட்டி விளக்கு எரிந்துகொண்டேயிருந்தாலும், பீப் சத்தம் திரும்பத் திரும்ப வந்தாலும் அதுதான். கழற்றி மாட்டுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு ஸ்டிக்கை மட்டும் ஏ2-வில் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றொன்றை. ஒன்று மட்டும் வேலை செய்கிறதென்றால் பழுதான ஸ்டிக் எது என்று தெரிந்துவிடும். இரண்டும் ஒரு ஸ்லாட்டில் வேலை செய்து இன்னொரு ஸ்லாட்டில் செய்யவில்லை என்றால் பழுது ஸ்லாட்டில். சில சமயம் அங்கே சேர்ந்திருக்கும் தூசிதான் காரணம்.

விண்டோஸ் வந்துவிட்டது, ஆனால் 16-க்குப் பதில் 8 ஜிபிதான் காட்டுகிறது என்றால் டாஸ்க் மேனேஜரில் ஹார்ட்வேர் ரிசர்வ்டு எண்ணைப் பாருங்கள். அங்கே பல ஜிபி நின்றால் பெரும்பாலும் அரைகுறையாக உட்கார்ந்த ஸ்டிக். இன்னொரு காரணமும் உண்டு: எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் பூட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் மேக்ஸிமம் மெமரி என்ற பெட்டியில் எப்போதோ யாரோ டிக் போட்டு வைத்திருப்பார்கள். டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்.

இனி எக்ஸ்எம்பி. அதற்குமுன், விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, ரெகவரி கீயை வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் மாற்றம் செய்த பிறகு சில கம்ப்யூட்டர்கள் அந்தக் கீயைக் கேட்டு நின்றுவிடும். பிறகு ரீஸ்டார்ட் செய்து டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். எக்ஸ்எம்பி என்ற பெயரிலேயே இருக்கலாம். அஸூஸின் ஏஎம்டி போர்டுகளில் டிஓசிபி, எம்எஸ்ஐயில் ஏ-எக்ஸ்எம்பி என்று இருக்கும். முதல் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள். விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் ஸ்பீட் 3200 என்று காட்ட வேண்டும்.

வரவில்லை, திரை கறுப்பாகவே நிற்கிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பல போர்டுகள் சில முறை முயன்றுவிட்டுத் தாமாகவே பழைய அளவுக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து, போர்டிலுள்ள சிமாஸ் ஜம்பரை (பயாஸ் அமைப்புகளை அழிக்கும் பின்கள்) சில நொடி சேர்த்துவிடுங்கள். அல்லது நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டுங்கள். பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். அடுத்த முறை இரண்டாவது புரொஃபைலான 3000-ஐப் போட்டுப் பாருங்கள். பழைய ரைசன் 1000 வரிசையில் 3200 நிற்காமல் 2933-ல் நிம்மதியாக ஓடுவது சகஜம். பயாஸை அப்டேட் செய்தாலே சரியாகும் போர்டுகளும் உண்டு.

சோதிக்காமல் விடாதீர்கள்

விண்டோஸ் திறந்துவிட்டது என்பதற்காக ரேம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஒரு பிட் தவறினாலும் கோப்பு சத்தமில்லாமல் கெட்டுப்போகும். பல மாதம் கழித்துத்தான் தெரியவரும். மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். 16 ஜிபிக்குச் சில மணி நேரம் ஆகும் என்பதால் இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். எக்ஸ்எம்பி போட்ட பிறகுதான் இதை ஓட்ட வேண்டும்.

ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். "ஒன்றுதானே" என்று விடக்கூடாது. எக்ஸ்எம்பியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போது பிழை வரவில்லை என்றால் ஸ்டிக் கெட்டதென்று சொல்ல முடியாது. உங்கள் போர்டோ புராசஸரோ அந்த வேகத்தைத் தாங்கவில்லை, ஒரு படி இறக்கி ஓட்டலாம். எக்ஸ்எம்பி இல்லாமலும் பிழை வந்தால் ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே சோதித்து, எந்த ஸ்டிக் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்படிப் பழுதானால் இந்த ரேமுக்குக் கிங்ஸ்டன் வரையறுக்கப்பட்ட ஆயுள்கால வாரண்டி தருகிறது. லேபிளைக் கிழித்தாலோ வெப்பத்தகட்டைப் பிரித்தாலோ வாரண்டி கேட்கும்போது வம்பாகிவிடும். வாங்கிய ரசீதையும் இரண்டு ஸ்டிக்கின் லேபிள் தெரியும்படி எடுத்த புகைப்படத்தையும் சேர்த்து வையுங்கள். ஒரு ஸ்டிக் மட்டும் போனாலும் செட்டாகவே மாற்றிக் கேளுங்கள். ஒரே மாடல் எண்ணிலேயே வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு சிப் வருவது ரேம் சந்தையில் வழக்கம். சேர்த்துச் சோதித்த ஜோடி என்பதற்காகத்தானே செட்டாக வாங்கினீர்கள்.